வேலைக்காரர் நடன இரவு: ஆல்பர்ட் அரங்கின் மறைந்த பக்கத்தைச் சுங்கை சிப்புட்டிலிருந்து தேடும் முறை

லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் நேரே விக்டோரியா மகாராணியிடம் போய் நிற்பார்கள். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தார், 1867இல் மகாராணி அடிக்கல் நாட்டினார், 1871 மார்ச் 29 அன்று அரங்கு திறந்தது என்று ஒப்பிப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வழியில் போனால் அரச குடும்பத்துப் படங்களைத் தாண்டி எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள். ஆணை நேசித்த ஆண்களும், பெண்ணை நேசித்த பெண்களும், பெண்ணுடை தரித்து ஓர் இரவாவது தலைநிமிர்ந்து நடந்த ஆண்களும் அந்த அரங்குக்குள் எப்படி இடம் பிடித்தார்கள் என்று தேட வேண்டுமானால் குசினி வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

குசினி வாசல் என்று சும்மா சொல்லவில்லை. என் அப்பா மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் துரைக்குச் சமைத்துப் போட்டவர். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை அவருக்கு உண்டு, முன்வாசல் கிடையாது. நான் ஊருக்குள் வானொலிப்பெட்டியும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்க்கும் கடை நடத்தினேன். கடையை மகனிடம் விட்ட பிறகு, எங்கள் வாசகர் வட்டத்தில் இசை பற்றிய மாலைகளை நடத்துகிறேன். ஓர் அச்சகத்தின் மாடி, தகரக் கூரை, மடக்கு நாற்காலிகள். அப்படிப்பட்ட இடத்தில் பால்புதுமையினரின், அதாவது மேலே சொன்னவர்கள் போன்றோரின், வரலாற்றை எப்படித் திரட்டுவது, எப்படிச் சொல்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். லண்டன் போக வேண்டியதில்லை. கைப்பேசியும் நீளமான ஒரு பயிற்சிப் புத்தகமும் போதும்.

அரங்கை விடுங்கள், ஓர் இரவைப் பிடியுங்கள்

ஆல்பர்ட் அரங்கில் குத்துச்சண்டை நடந்திருக்கிறது, பெண்கள் வாக்குரிமைக் கூட்டம் நடந்திருக்கிறது, குவீன்ஸ் அரங்கு குண்டுவீச்சில் அழிந்த 1941இலிருந்து பிபிசியின் கோடைகால இசைவிழாவான ப்ராம்ஸ் கச்சேரிகளும் அங்கேதான். இத்தனையையும் ஒரு மாலையில் சொல்ல முயன்றால் பாதிப்பேர் தேநீரோடு எழுந்து போய்விடுவார்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். என் தேர்வு, லேடி மால்கம் நடத்திய வேலைக்காரர் நடனம்.

லேடி மால்கம் என்பவர் ஜீன் மால்கம். புகழ்பெற்ற நடிகை லில்லி லாங்ட்ரியின் மகள், சர் இயன் மால்கமின் மனைவி. வீட்டு வேலைக்காரர்களுக்கென்று ஒரு மாறுவேட நடன விழாவை அவர் ஆண்டுதோறும் நடத்தினார். 1930 முதல் 1938 வரை அது ஆல்பர்ட் அரங்கில் நடந்தது. சமையல்காரர், பரிசாரகர், துரைமாரின் உடை கவனிக்கும் பணியாள், வீட்டுப் பணிப்பெண் எல்லோரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். அந்த அரங்கின் இருக்கைகளில் ஒரு பெரும் பங்கு, கட்டும்போதே 100 பவுன் வீதம் 999 ஆண்டுக் குத்தகைக்குப் பணக்காரர்களிடம் விற்கப்பட்டவை. அந்த இருக்கைகளின் சொந்தக்காரர்களுக்குக் கதவு திறந்துவிடும் ஆட்கள்தான் அந்த இரவில் நடுத்தளத்தில் ஆடினார்கள். இதைச் சொல்லும்போது சற்று நிறுத்துங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த விழா தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைப் பெருமளவில் ஈர்த்தது. காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏதோ வேடிக்கை போலத் தோன்றும். 1885ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இரண்டு ஆண்களுக்கிடையே எந்த வகை உடலுறவும், தனியறையில் நடந்தாலும், சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆஸ்கார் வைல்டை 1895இல் சிறைக்கு அனுப்பியது அந்தப் பிரிவுதான். தெருவில் பெண்ணுடையோடு நடந்தால் காவலர் பிடிப்பார். ஆனால் மாறுவேட விழாவில் எல்லோரும் வேடம் போட்டிருப்பார்கள். கவுன் அணிந்த ஆணைப் பார்த்து ‘இது வேடம்தானே’ என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆயிரக்கணக்கான விளக்குகளுக்குக் கீழே ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது அப்படித்தான். ஊழியம் செய்து பிழைத்தவர்களில் பலர் திருமணமின்றிப் பிறர் வீட்டு மாடியறையிலும் கீழறையிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள்; ஒருவரை ஒருவர் சந்திக்க அவர்களுக்கு ஆண்டில் எத்தனை இடம் இருந்திருக்கும்?

சீட்டைப் படியுங்கள்

ஆல்பர்ட் அரங்குக்குச் சொந்தமாக ஆவணக்காப்பகம் உண்டு. அதன் நிகழ்ச்சிப் பட்டியலை இணையத்தில் யாரும் தேடலாம். தேடும்போது ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: ‘தன்பாலீர்ப்பு’ என்ற பொருள் தரும் இன்றைய சொற்களை மட்டும் போட்டுத் தேடினால் 1930களிலிருந்து அதிகம் வராது. அன்றைக்கு எழுதியவர்கள் அந்தச் சொற்களை எழுதவில்லை. ‘ஃபேன்சி டிரஸ்’, ‘ஃபீமேல் இம்பர்சனேட்டர்’ (பெண் வேடமிடும் ஆண்), ‘சர்வன்ட்ஸ் பால்’, ‘டிஸ்ஆர்டர்லி’ (ஒழுங்கீனமான) போன்ற அன்றைய ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே உள்ளிடுங்கள். கிடைத்ததில் தேதி, நடத்தியவர், டிக்கெட் நிபந்தனை, புகார் ஆகிய நான்கை மட்டும் பயிற்சிப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை கண்ணைக் கெடுக்கும்.

டிக்கெட் நிபந்தனைதான் புதையல். 1930களின் நடுவில் வேலைக்காரர் நடனத்தின் டிக்கெட்டிலேயே, பெண் வேடமிட்ட ஆண் எவருக்கும், தகாத உடையில் வரும் எவருக்கும் அனுமதி இல்லை என்ற நிபந்தனை அச்சிடப்பட்டது. வருகிறவர்களின் உடையைச் சோதித்து உள்ளே விடுவதற்கென்றே ஆட்களையும் நிறுத்தினார்கள்.

பலர் இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, தடை செய்திருக்கிறார்கள், ஆகவே அங்கே அப்படிப்பட்டவர்கள் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். தலைகீழாகப் படியுங்கள். நம் தோட்டத்துக் கோயிலில் ‘குடித்துவிட்டுக் கரகம் எடுக்கக் கூடாது’ என்று பலகை மாட்டியிருந்தால் என்ன பொருள்? யாரோ குடித்துவிட்டு எடுத்திருக்கிறார், ஒரு தடவை அல்ல, பலகை எழுதுகிற அளவுக்கு. வராத ஆளை யாரும் அச்சடித்துத் தடுப்பதில்லை. அச்சுக்கூலி கொடுத்து, டிக்கெட்டின் சிறிய இடத்தில் பெண் வேடத்துக்கென்று ஒரு வரி ஒதுக்கினார்கள் என்றால், கண்டும் காணாததுபோல் இருக்க முடியாத எண்ணிக்கையில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். மறைந்த வரலாற்றைத் தேடுபவர் எங்கே போனாலும் முதலில் தடைகளைத் தேட வேண்டும்: உடை விதி, திருப்பி அனுப்பியது, புகார்க் கடிதம், திடீரென்று நின்றுபோன நிகழ்ச்சி.

அதே அரங்கில் 1910 முதல் 1958 வரை நடந்த செல்சி கலைஞர் சங்கத்தின் நடன விழாக்களையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கேயும் மாறுவேடம், அங்கேயும் வரம்பு மீறல். ஆனால் அது கலைஞர்களும் வசதியானவர்களும் கூடிய இடம். அதன் படங்கள் நிறையக் கிடைக்கும், பேச்சை எளிதில் விழுங்கிவிடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

காவலரின் குறிப்பேட்டைக் கவனமாகத் திறங்கள்

வேலைக்காரர்கள் நாட்குறிப்பு எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அல்லர். எழுதியிருந்தாலும் எரித்திருப்பார்கள், ஏனென்றால் ஒரு கடிதம் போதும் சிறைக்குப் போக. ஆகவே இவர்களின் குரல் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காவல்துறை, நீதிமன்றக் கோப்புகள் வழியாக. லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். கோப்பின் உள்ளே படிக்க நேரில் போக வேண்டும், அல்லது பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். கட்டணத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பவுனை மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாற்றும்போது தலை சுற்றும்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்ளலாம். லண்டன் ஹாலண்ட் பார்க் அவென்யூவில் நடந்த ஒரு தனியார் நடன விருந்து 1933இல் வழக்காயிற்று. சாதாரண உடையில் காவலர்கள் உள்ளே புகுந்து கவனித்து எழுதிவைத்தார்கள். ‘லேடி ஆஸ்டின்’ என்று நண்பர்களால் அழைக்கப்பட்ட ஒருவர், தாங்கள் செய்வதில் தவறொன்றும் இல்லை, கூடிய விரைவில் இந்த நாட்டிலேயே தங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்ற பொருளில் காவலரிடமே சொன்னார். அதுவும் பதிவாகியிருக்கிறது. சிறையில் தள்ள எழுதிய குறிப்பே அவருடைய துணிச்சலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 21 வயது நிரம்பிய ஆண்களுக்குத் தனிமையில் அது குற்றமல்ல என்று ஆனது 1967இல். ஆனாலும் எழுதியவர் காவலர் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் கண்ணுக்குப் பட்டது மட்டுமே அதில் இருக்கும், கிண்டலும் அவருடையதுதான்.

கையில் காசில்லாதவர்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு பெரிய உதவி. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிபியூன், 1935இல் தொடங்கிய தமிழ் முரசு எல்லாம் அதில் உண்டு. லண்டன் செய்திகளைத் துரைமாருக்காக மலாயா ஆங்கிலப் பத்திரிகைகள் அச்சிட்டுக்கொண்டே இருந்தன. தேடுபொறி பழைய அச்செழுத்தைத் தப்புத் தப்பாக வாசிக்கும். ‘ஆல்பர்ட் ஹால்’ என்று மட்டும் போட்டு, ஆண்டைச் சுருக்கி, கண்ணால் புரட்டுவதே நல்லது. தமிழ் இதழ்களைத் தேதிவாரியாகப் புரட்டுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் விடிந்துவிடும், எச்சரித்துவிட்டேன்.

மூன்று பத்தி போடுங்கள்

பயிற்சிப் புத்தகத்தில் பக்கத்துக்கு மேலிருந்து கீழாக மூன்று பத்தி பிரித்துக் கோடு போடுங்கள். முதல் பத்தியில், சம்பந்தப்பட்டவரே தம் வாயாலோ கையெழுத்தாலோ சொன்னது. இரண்டாவதில், ஆவணம் சுட்டுவது. மூன்றாவதில், நமக்கு அப்படி இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது. மேடையில் மூன்றாவது பத்தியை வாசிக்கவே கூடாது. திருமணம் செய்யாத ஒவ்வொரு பியானோக்காரரையும் நம் பக்கம் இழுத்துக்கொண்டால் நம்பகத்தன்மை போய்விடும், பிறகு உண்மையைச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

வேலைக்காரர் நடனத்துக்கு வந்தவர்கள் இரண்டாவது பத்தியில் இருக்கிறார்கள்: கூட்டம் தெரிகிறது, பெயர்கள் தெரியவில்லை. முதல் பத்திக்கு ஆல்பர்ட் அரங்கு தரும் ஆள், இசையமைப்பாளர் ஈதெல் ஸ்மித்.

இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுங்கள். இவர் பெண்களை நேசித்தார், அதை மறைக்கவும் பெரிதாக முயலவில்லை. ஆண்களைவிடத் தன் பாலினத்தாரையே ஆவேசமாக நேசிப்பது தனக்கு ஏன் இத்தனை எளிதாக இருக்கிறது என்று நண்பர் ஹென்றி பிரூஸ்டருக்கு 1892இல் எழுதிய கடிதத்தில் வியந்திருக்கிறார். பக்தி மிகுந்த கத்தோலிக்கப் பெண்ணான பாலின் ட்ரெவெல்யன் மீது கொண்ட ஈர்ப்பின் காலத்தில் உருவானது அவருடைய டி மேஜர் மாஸ், அதாவது தேவாலயத் திருப்பலிப் பாடல்களுக்கான பெரும் இசைக்கோவை. 1893 ஜனவரி 18 அன்று அது முதன்முதலாக அரங்கேறியது ஆல்பர்ட் அரங்கில்தான். பிறகு 1924 வரை, முப்பது ஆண்டுக்கு மேல், யாரும் அதை முழுமையாக எடுத்து வாசிக்கவில்லை. இடையில் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் சேர்ந்து, அதன் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட் மீது பேரன்பு கொண்டு, 1912இல் ஹாலோவே சிறைக்குப் போனார். முற்றத்தில் பெண் கைதிகள் அவருடைய அணிவகுப்புப் பாட்டைப் பாட, சன்னல் கம்பிகளுக்கிடையே பல்துலக்கும் பிரஷ்ஷை நீட்டித் தாளம் காட்டினார். அதே பாட்டு 1911இல் ஆல்பர்ட் அரங்கின் கூட்டமொன்றில் முழங்கியது. 1934இல் அவருடைய 75 வயதைக் கொண்டாட அதே அரங்கில் தாமஸ் பீச்சம் தலைமையில் அந்த மாஸை மீண்டும் வாசித்தபோது மேரி ராணியார் வந்திருந்தார். ஸ்மித்துக்கு அப்போது காது கேட்காது.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1934. ஒரே கூரையின் கீழ், ராணியார் முன்னிலையில் பாராட்டுப் பெற்றார் பெண்ணை நேசித்த சீமாட்டி. அதே சில ஆண்டுகளில் வாசலில் உடை சோதனைக்கு நின்றார் ஆணை நேசித்த சமையல்காரர். சட்டம் பெண்களைத் தொடவில்லை என்பது ஒரு காரணம். பணமும் பட்டமும் இன்னொரு காரணம். ஸ்மித் 1922இலேயே, ஆண்களின் ‘சர்’ பட்டத்துக்கு இணையான டேம் பட்டம் பெற்றவர். மறைந்த வரலாறு என்று எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள் என்பதற்காகத்தான் இந்த இரண்டு இரவையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்கிறேன்.

இசையைப் போடும் முறை

இது என் தொழில், ஆகவே உத்தரவிடுகிறேன். மாலை 5 மணி மழை நம்மூரில் நிச்சயம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மாஸின் தொடக்கமான ‘கீரியே’வைப் போட்டால் ஒருவர் காதிலும் விழாது, அது அடித்தொண்டையில் மெல்லத் தொடங்குகிறது. ‘குளோரியா’வைப் போடுங்கள். எக்காளமும் கோரஸும் மழையை அமுக்கிவிடும். வழக்கமாக ‘குளோரியா’ இரண்டாவதாக வரும். ஸ்மித் அதைக் கடைசியில் வாசிக்கச் சொன்னவர். ஆகவே நீங்களும் நிகழ்ச்சியின் கடைசியில் வைத்தால் அவர் பேச்சைக் கேட்ட மாதிரி ஆகும். கோயில் ஒலிபெருக்கி ஓடும் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் தள்ளாமல் ஒரு கை தூரம் முன்னே இழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கோரஸ் முழுவதும் பானைக்குள் பேசும்.

இன்றைய நிலைமைக்கு இரண்டு வரி போதும்: ப்ராம்ஸ் இறுதி இரவை நடத்திய முதல் பெண்ணான மாரின் ஆல்சப், பெண் துணையோடு வாழ்வதை மறைக்காதவர், 2013. அதே இறுதி இரவில் 2019இல் பாடகி ஜேமி பார்ட்டன் வானவில் கொடியை வீசிக் காட்டினார். கைதட்டலோடு முடிக்க ஆசையாக இருக்கும். இங்கே முடிக்காதீர்கள்.

கேள்விக்குத் தயாராக இருங்கள்

“நமக்கு எதற்கு அண்ணே இந்த வெள்ளைக்காரன் கதை?” என்று யாராவது கேட்பார். கோபப்படாமல் ஓர் ஆண்டைச் சொல்லுங்கள். ஆல்பர்ட் அரங்கு திறந்த அதே 1871இல்தான், பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதிய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவும் அதில் வந்தது. மலேசியாவின் தண்டனைச் சட்டத்தில் அந்த 377இன் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கின்றன. கட்டடம் அங்கே, சட்டம் இங்கே. இதற்கு மேல் விவாதம் வளர்ந்தால் முறுக்குத் தட்டை நகர்த்துங்கள்.

அந்தச் சட்டம் உயிரோடு இருப்பதால் ஒரு கட்டுப்பாடும் உண்டு. உயிரோடிருக்கும் எவர் பெயரையும் மேடையில் சொல்லக் கூடாது, ‘நம்மூரில்கூட ஒருவர்’ என்று சாடையாகவும் சொல்லக் கூடாது. வந்தவர்களைப் படம் எடுக்க வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் இளைஞர் யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கலாம்.

நம் திடலைத் தேடும்போது

ஆல்பர்ட் அரங்குக்குப் பயன்படுத்திய அதே முறையை எங்கள் தோட்டத்துத் திடலுக்கும் பயன்படுத்தலாம். அங்கேதான் திரைப்படம் ஓடியது, காமன் கூத்து நடந்தது. ரதியாக வேடம் கட்டியவர் பல தோட்டங்களில் ஆண்தான். உடனே இரண்டாவது பத்திக்குப் போகாதீர்கள். வேடம் கட்டுவது முறை. அதனால் மட்டும் ஒருவரைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது. அப்பாவோடு பங்களாவில் வேலை பார்த்த ஒருவர் ஆண்டுதோறும் ரதி கட்டுவார், கூத்து முடிந்த பிறகும் வளையலைக் கழற்ற மாட்டார், துரைசாணி ஒருமுறை கழற்றச் சொன்னபோது வேலையை விட்டுப் போனார் என்று அம்மா சொல்வார். வளையல் அல்ல, கழற்றச் சொன்னதுதான் சான்று. அதைக்கூட இரண்டாவது பத்தியில்தான் எழுதி வைத்திருக்கிறேன், பெயரில்லாமல்.

மூத்தவர்களிடம் கேட்கும்போது ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். ‘அந்தக் காலத்தில் கூத்துக்கு யார் யாரை விடமாட்டார்கள்? கிராணி (தோட்டத்து எழுத்தர்) யாரைத் திட்டினார்? எந்த வருடம் ரதி ஆளை மாற்றினார்கள்?’ என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பதிவுக்கருவியை முதல் நாளே எடுக்காதீர்கள். சொன்னதைத் திருப்பி வாசித்துக் காட்டி, எதை நீக்கச் சொல்கிறார்களோ அதை அவர்கள் கண் முன்னாலேயே அடித்துவிடுங்கள். பயிற்சிப் புத்தகம் வாசகர் வட்டத்தின் அலமாரியில் இருக்க வேண்டாம். ஒருவர் வீட்டில், பூட்டுள்ள பெட்டியில் இருக்கட்டும், சாவி இன்னொருவரிடம்.